டிரோனுக்கு என்ன வாங்கலாம்? தரையில் நிற்பதை வாங்கு

அக்கா மகன் யாரிடமிருந்தோ ஒரு பழைய டிஜேஐ மினி 2 டிரோன் வாங்கியிருக்கிறான். வாங்கிய வாரமே வாட்ஸ்அப்பில் நீளமான பட்டியல் வந்தது. இறக்கைகளைச் சுற்றி மாட்டும் காப்பு வளையம், காலை உயர்த்தும் நீட்டி, மினுக்கும் விளக்கு, தண்ணீரில் விழுந்தால் மிதக்க மிதவை, ரிமோட் ஆண்டெனாவுக்குத் தகடு, ஆறு ஃபில்டர் அடங்கிய பெட்டி, பெரிய டேப்லெட் மாட்ட ஒரு தாங்கி, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றளவி. "மாமா, இதுல எதெல்லாம் வேணும்? மொத்தமா ஆர்டர் போட்ரவா?" என்று கேட்டிருந்தான். வாட்ஸ்அப்பிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன். அது வளர்ந்துகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை என்னிடம் கேட்கிற வேறு சிலருக்கும் உதவும்.

என்னிடம் இருப்பதும் மினி 2-தான். பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை இல்லாத ஞாயிறு காலைகளில் நாங்குநேரி, ஏர்வாடி பக்கத்துக் குளங்களை மேலிருந்து படம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. புரட்டாசியில் வறண்டு கிடக்கிற குளம், கார்த்திகையில் நிறைந்து மறுகால் பாய்கிற குளம், பங்குனியில் நீர் ஒதுங்கிப் போன குளம் என ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் நின்று திரும்பத் திரும்ப எடுப்பேன். சீமைக்கருவேல் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது, கரை எங்கே மெலிந்திருக்கிறது, எந்த மடைக்கு முன்னால் மண் மேடிட்டிருக்கிறது என்பதெல்லாம் கரையில் நின்று பார்த்தால் தெரியாது. மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆகவே நான் சொல்வதெல்லாம் குளத்துக்கரையில் நிற்கிறவனின் அனுபவம். கல்யாண வீடு எடுக்கிறவர்களுக்குத் தேவைகள் வேறாக இருக்கலாம்.

அவனுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டிரோன் மேல் மாட்டுகிற எதையும் வாங்குவதற்கு முன் பத்து தடவை யோசி. காசை, தரையிலேயே இருக்கிற பொருள்களுக்குச் செலவழி.

இதற்கு முதல் காரணம் எடை. மினி 2-வின் எடை 249 கிராமுக்குக் கீழே என்று தயாரிப்பாளரே சொல்கிறார். தற்செயலாக வந்த எண் இல்லை அது. இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும் பதிவு எண் வேண்டும்தான், ஆனால் வகைச் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை. பொழுதுபோக்குக்காரனை நிம்மதியாக விடுகிற கோடு அந்த 250. கோட்டுக்கு உள்ளே நிற்பதற்காகவே கேமராவையும் பேட்டரியையும் கிராம் கிராமாகக் குறைத்துச் செய்திருக்கிறார்கள். அதன் தலையில் காப்பு வளையத்தை மாட்டினால் உடனே கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. மினுக்கும் விளக்கு, கால் நீட்டி, மிதவை எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் பறப்பதன் கணக்கு இருக்கிறது. எடை கூடினால் அந்த எடையைத் தாங்க மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், மின்சாரம் அதிகம் இழுக்கும், பறக்கும் நேரம் குறையும். காப்பு வளையத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது காற்றைப் பிடிக்கும். மினி 2 தாங்கும் காற்று வினாடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர் வரை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 38 கிலோமீட்டர். அந்த அளவும் வெறும் உடம்போடு பறக்கும்போதுதான். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலிலிருந்து ராதாபுரம் வரை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் வளையம் மாட்டிய டிரோனை விட்டால் அது முன்னேறவே திணறும். நான்கு சுவருக்குள் பழகுகிறவர்களுக்கு வளையம் நல்லது, அதை மறுக்கவில்லை. திறந்த வெளியில் வேண்டாம்.

ரிமோட்டுக்குப் பின்னால் வைக்கிற தகடு எடை கூட்டாது, ஆனாலும் வேண்டாம். அது சிக்னலை இன்னும் தூரம் தள்ளும் என்கிறார்கள். தள்ளட்டும். 249 கிராம் எடையுள்ள, சாம்பல் நிறத்தில் இருக்கிற ஒரு பொருள் நல்ல வெயிலில் 400 மீட்டர் போனாலே எனக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் போனால் அந்தப் புள்ளியும் இல்லை. கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள்தான் பறக்கவிட வேண்டும், விதியும் அதுதான். அந்தத் தூரத்துக்குப் பெட்டியில் வந்த ரிமோட்டே தாராளம்.

இனி தரைக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

முதலில் லேண்டிங் பேட், அதாவது டிரோன் எழும்பவும் இறங்கவும் தரையில் போடும் விரிப்பு. மடித்தால் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும், விரித்தால் வட்டமாக நிற்கும். 55 சென்டிமீட்டர், 75 சென்டிமீட்டர் என்று கிடைக்கிறது. 75 வாங்கு. மினி 2-வுக்கு 55 போதும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நிற்பதற்குப் போதும்தான், ஆனால் பேட் இருப்பது டிரோன் நிற்க மட்டும் இல்லை, புழுதியை அடக்கவும்தான். இறக்கை கீழே தள்ளுகிற காற்று பேட்டின் விளிம்பைத் தாண்டியும் போகிறது. நாங்குநேரிச் செம்மண் மாவு போல இருக்கும். 55-இன் விளிம்பில் எழும்புகிற தூசி சுழன்று வந்து நேராகக் கிம்பலின், அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கியின், சின்ன மோட்டாரில் உட்காரும். கிம்பல் கெட்டால் மாற்றுவதற்கு ஆகிற செலவில் பத்து லேண்டிங் பேட் வாங்கலாம்.

திருச்செந்தூர், உடன்குடி பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலிலோ, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலிலோ இறக்க நினைக்கிறவர்களுக்குப் பேட் இன்னும் முக்கியம். அந்த மணலில் இல்மனைட் போன்ற இரும்பு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. டிரோன் மோட்டாருக்குள் இருப்பதோ வலுவான காந்தம். மணல் உள்ளே போனால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. இறக்கையைக் கழற்றிவிட்டு மோட்டாரை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் நறநறவென்று ஓசை வரும். செல்லோ டேப்பின் ஒட்டுகிற பக்கத்தைக் குச்சியில் சுற்றி, இடைவெளி வழியாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் வந்துவிடும். பேட்டை விரித்திருந்தால் அந்தப் பொறுமையே தேவைப்படாது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளம் வருகிறது என்பதையும் அந்தப் பக்கம் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் டிரோனைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.

பேட்டைத் தரையில் பிடித்து வைக்க முளைகள் தருகிறார்கள். இறுகிப்போன குளத்துக்கரையில் அவை இறங்காது. விளிம்பில் நான்கு கல்லை வைத்தால் போதும். பேட்டை எங்கே விரிக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். மடையின் கான்கிரீட் மேடை சமதளமாக, பார்க்க வசதியாக இருக்கும். அதற்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பியும் கார் பானட்டும் டிரோனின் திசைகாட்டியைக் குழப்பும். மடையிலிருந்து பத்தடி தள்ளி மண்ணில் விரி. சுற்றிலும் உடைமுள் இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்.

அடுத்தது பேட்டரி. டிரோன் மேல் ஏறினாலும் இதைக் கூடுதல் சுமை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒன்றைக் கழற்றித்தான் இன்னொன்றைப் போடுகிறோம். மூன்று பேட்டரி இருந்தால் ஒரு காலைப்பொழுது தாராளமாகப் போகும். ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவர்கள் படத்தை அவசரமாக எடுக்கிறார்கள், சார்ஜ் குறைந்த பிறகும் "இன்னும் ஒரு ஷாட்" என்று நிற்கிறார்கள். 31 நிமிடம் பறக்கும் என்பது காற்றே இல்லாமல், ஒரே சீரான வேகத்தில் போகும்போது எடுத்த கணக்கு. நம் காற்றில், ஏறி இறங்கி, நின்று நின்று எடுக்கும்போது 20 நிமிடத்தைத் தாண்டியதும் திரும்ப நினைக்க வேண்டும். நான் 30 சதவீதத்தில் திரும்பிவிடுவேன். போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

மருமகன் பழைய செட் வாங்கியிருப்பதால் அவனுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிஜேஐ ஃப்ளை செயலியில் பேட்டரி விவரத்துக்குள் போனால், அது எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, உள்ளே இருக்கிற இரண்டு செல்லும் தனித்தனியே எவ்வளவு வோல்ட் காட்டுகின்றன என்று தெரியும். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே இறங்கி நின்றால் அந்தப் பேட்டரியை வைத்துத் தண்ணீருக்கு மேல் போகாதே. வெளியே தடவிப் பார்த்து உப்பல் தெரிந்தால் பறக்கவே விடாதே. "செல் மாற்றியது" என்று குறைந்த விலையில் வருகிறவற்றைத் தொட வேண்டாம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களை முழுதாக இறக்குமதி செய்வதற்கு அரசு தடை விதித்துவிட்டது. கையில் இருப்பது போனால் அதே மாதிரி இன்னொன்றைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. நான் ஒவ்வொரு பொருளையும் பார்க்கும் பார்வையே இந்தத் தடைக்குப் பிறகு மாறிவிட்டது. இருப்பதைப் பத்திரமாகத் திரும்பிக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு இது உதவுமா என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி.

மூன்று பேட்டரி இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்துச் செருகும் சார்ஜிங் ஹப் அவசியம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற்றும், ஆனால் இரவில் செருகிவிட்டால் காலையில் மூன்றும் தயார். இரவில் செருகுவது என்றால் தூங்கும்போது இல்லை, நீ விழித்திருக்கும்போது. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகும் அறையில் ஆள் இருக்க வேண்டும். பறந்து வந்த பேட்டரி சுடச்சுட இருக்கும், அதை ஆறவிட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும். இரண்டு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் நிறைத்து வைக்காதே, பாதிச் சார்ஜில் வை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. உப்பிப்போன பேட்டரியை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தீப்பிடிக்காத பை என்று ஒன்று விற்கிறது, அது வீட்டில் இருக்கலாம். நான் கொல்லையில் ஒரு பழைய மண்பானையில் ஆற்றுமணல் போட்டு வைத்திருக்கிறேன். உப்பியது அதற்குள் இருக்கும், பிறகு மின்கழிவு எடுக்கிறவர்களிடம் போகும். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

வெளியூர் போகிறவர்களுக்குப் பவர் பேங்க். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. மினி 2 பேட்டரி ஒன்று 17.32 வாட் மணி. காகிதத்தில் நான்கு தடவை ஏற்ற வேண்டும், மாற்றத்தில் போகிற சேதாரத்தைக் கழித்தால் மூன்று தடவை என்று வைத்துக்கொள். 18 வாட்டாவது தருவதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏறுவதற்குள் வெயில் வந்துவிடும். விமானத்தில் போனால் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்பக் கூடாது. 100 வாட் மணிக்குக் கீழே இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 20,000-த்துக்கு மேல் பெரிதாக வாங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபில்டர் பெட்டி. இது டிரோன் மேல் ஏறுகிறது. ஆனாலும் ஒரு கிராம் அளவு எடைதான், சரியான வேலைக்குப் போட்டால் பலன் பெரிது. ஆகவே இதற்கு மட்டும் விலக்கு. ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும். என்டி ஃபில்டர் என்பது லென்ஸுக்குப் போடுகிற கூலிங் கிளாஸ். மினி 2 கேமராவின் துளை எஃப் 2.8-இல் நிலையாக இருக்கிறது, அதைச் சுருக்க முடியாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை 100-இல் வைத்தால் ஷட்டர், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், ஏறத்தாழ 1/3200 வினாடிக்குப் போய்விடும். வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் பிரேம் வேகத்தின் (வினாடிக்கு எத்தனை படம் என்பதன்) இரட்டிப்பில் இருக்க வேண்டும். 24 பிரேம் என்றால் 1/50, 30 என்றால் 1/60. 1/3200-இல் எடுத்த வீடியோவில் நெற்பயிர் அலையாடுவது வெட்டி வெட்டித் தெரியும். என்டி 64 ஆறு படி வெளிச்சத்தைக் குறைக்கிறது, 3200-ஐ ஆறு தடவை பாதியாக்கினால் 50. உச்சி வெயிலுக்கு அது. காலை ஏழரை எட்டு மணி வெளிச்சத்துக்கு என்டி 16 போதும். இந்த இரண்டு இருந்தால் காரியம் நடக்கும், ஆறு அடங்கிய பெட்டியில் மீதி சும்மாதான் இருக்கும். இரண்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கு.

நிழற்படம் எடுக்க என்டி வேண்டவே வேண்டாம். படத்துக்கு வேகமான ஷட்டர்தான் நல்லது. நான் குளத்தைப் படமாக மட்டும் எடுக்கும் நாள்களில் ஃபில்டர் பெட்டி பையிலேயே கிடக்கும்.

போலரைசர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீர் எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் முதலில் விற்கிறார்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டும், உள்ளே பாசி தெரியும், கரையோரத் தரை தெரியும் என்பது உண்மை. ஆனால் கோணம் சரியாக இருந்தால்தான். தண்ணீரிலிருந்து எதிரொளிக்கிற ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்வில்தான் முழுதாக முனைவாக்கம் ஆகிறது, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிர்கிறது. அந்த ஒளியைத்தான் போலரைசரால் தடுக்க முடியும். கேமராவை அடிவானத்திலிருந்து 37 டிகிரி கீழே சாய்த்துப் பார்க்கும் பார்வை அது. அப்படி எடுக்கும்போது அற்புதமாக வேலை செய்யும். நான் எடுப்பதுபோல் நேர் கீழே பார்த்து எடுத்தால் அங்கே முனைவாக்கம் இல்லை. பளபளப்பு அப்படியே இருக்கும், வெளிச்சம்தான் குறையும். இன்னொன்று, மினி 2-வில் பறக்கும்போது ஃபில்டரைச் சுழற்ற முடியாது. தரையில் ஒரு பக்கம் பார்த்துச் சரிசெய்துவிட்டு மேலே போய் டிரோனை வேறு பக்கம் திருப்பினால் வானத்தின் ஒரு பகுதி கறுத்தும் மறுபகுதி வெளுத்தும் வரும்.

நேர் கீழே எடுக்கிறவனுக்குப் பளபளப்பை நீக்குவது நேரம்தான். வெயில் உச்சிக்கு ஏறினால் சூரியனின் பிம்பம் தண்ணீரில் படச் சட்டத்துக்குள்ளேயே விழும், சாய்வாக இருக்கும்போது சட்டத்துக்கு வெளியே விழும். காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலுக்குப் பின் என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் குளத்தின் நிறம் உள்ளபடி வருகிறது. நீர் மேல் பறக்கும்போது மிகவும் தாழவும் வேண்டாம். டிரோனின் வயிற்றில் தரையைப் பார்க்கும் உணரி இருக்கிறது, அலையும் பிம்பமும் அதைக் குழப்பும். நான்கைந்து மீட்டருக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மிதவைக்குச் செலவழிக்கிற காசும் மிச்சம்.

ஃபில்டரை மாட்டுவது டிரோனை ஆன் செய்வதற்கு முன்னால். ஆன் செய்த பிறகு கிம்பலைக் கையால் அழுத்தினால் அதன் மோட்டாருக்குக் கேடு. கிம்பல் மூடிக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கழற்றாமல் ஆன் செய்யப் போனால் நூல் கண்ணில் படும்.

மெமரி கார்டில் விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை. மினி 2 வினாடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது, அதாவது 12.5 மெகாபைட். யூ3, வி30 என்று அச்சிட்ட கார்டு வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். அது போதும். 64 ஜிபியில் அதே தரத்தில் ஏறக்குறைய 85 நிமிட வீடியோ நிற்கும், மூன்று பேட்டரிக்கும் அது போதும். ஆகவே 256 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி இரண்டு வாங்கு. ஓரிடத்தில் எடுத்து முடித்ததும் கார்டை மாற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். டிரோன் தண்ணீரில் விழுந்தால் காலையில் எடுத்ததாவது மிஞ்சும். போலிக் கார்டு நிறைய வருகிறது. வாங்கியதும் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து, உள்ளே சொன்ன அளவு இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

இறக்கை ஒரு செட் எப்போதும் பையில் இருக்க வேண்டும். ஓரத்தில் நகக்கண் அளவு கீறல் விழுந்தாலும் மாற்றிவிடு. அது அதிர்வைக் கொடுக்கும், அதிர்வு படத்தில் நெளிவாகத் தெரியும். ஒரு மோட்டாரில் இரண்டு இதழ் இருக்கும், ஒன்று கெட்டால் இரண்டையும் சேர்த்து மாற்று. அடையாளக் கோடு போட்ட இறக்கை டிரோனின் அடையாளமுள்ள கைக்கு (மோட்டாரைத் தாங்கும் நீட்டம்), கோடு இல்லாதது மற்றதற்கு. மாறினால் எழும்பும்போதே கவிழும். செட்டோடு வருகிற புதுத் திருகாணிகளையே போடு, பழையதைத் திரும்பப் போடாதே. மினி 2-வுக்குச் சின்ன ஸ்குரூடிரைவர் வேண்டும், அதுவும் பையில் இருக்கட்டும்.

பை விஷயத்தில் எனக்கு ரசனை என்று பெரிதாக எதுவுமில்லை. பைக்கில் போகிறவனுக்குத் தோளில் குறுக்காக மாட்டும் சின்ன பை நல்லது, கெட்டிப் பெட்டி காருக்கு. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைக்கிறேன். மாத்திரை டப்பாக்களில் வருவதால் எனக்குக் கடையிலேயே கிடைத்துவிடும், மற்றவர்கள் தெரிந்த மருந்துக்கடையில் கேட்டால் தருவார்கள். கடல் பக்கம் போய்வந்தால் லென்ஸிலும் உடம்பிலும் உப்புப் படியும், அன்று இரவே மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும்.

வெயிலில் போன் திரை தெரியாது. அதற்கு ஒரு மறைப்புக் கூண்டு விற்கிறார்கள். அதற்குள் போன் வெந்து, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கறுப்புக் குடை அதைவிட நல்லது. பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் நான் சொல்லும் பொருள்களிலேயே பெரிய பலன் தருகிறவர். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பார். எங்கள் பக்கம் பருந்துகள் டிரோனை விரட்டும், அதிலும் குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் விடவே விடாது. "பருந்து வருது" என்று சொல்ல ஒரு குரல் இருந்தால் நேராக மேலே ஏற்றிவிட்டு, அது விலகியதும் மெதுவாகத் திரும்பலாம். பறவைகள் கூடு கட்டுகிற இடத்தில் பறக்கவே கூடாது என்பது தனி விஷயம். கூந்தன்குளத்துக்கு நான் டிரோனை எடுத்துப் போவதே இல்லை. விஜயநாராயணம் பெரியகுளத்தை மேலிருந்து எடுக்க எனக்குத் தீராத ஆசை. பக்கத்திலேயே கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இருக்கிறது, ஆகவே அந்தக் குளத்தைக் கரையில் நின்றுதான் எடுக்கிறேன்.

காற்றளவி வாங்கலாமா என்று பட்டியலின் கடைசியில் இருந்தது. வேண்டாம். அது உன் தலை உயரத்துக் காற்றைத்தான் சொல்லும், 60 மீட்டரில் அடிப்பது வேறு காற்று. பனை உச்சியின் ஓலையைப் பார். ஓலை ஒரே பக்கம் சாய்ந்து நிமிராமல் நின்றால் அன்றைக்கு விடாதே. அந்தக் காசில் உன் கைபேசி எண்ணைச் சின்ன எழுத்தில் அச்சிட்டு டிரோனின் வயிற்றில் ஒட்டு. ஒட்டியின் எடை தராசில்கூடத் தெரியாது. யாருடைய வயலில் விழுந்தாலும் போன் வரும். முன்பு வைத்திருந்தவர் அதன் மேல் வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாக நீ அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதை உரித்துவிட்டு, தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை பார்த்துக்கொள்.

இன்னொரு பொருள் எந்தக் கடையின் பட்டியலிலும் இருக்காது. போன தடவை எடுத்த படத்தின் பிரதிகள் சில. கரையில் பேட்டை விரித்ததும் யாராவது வந்து நிற்பார்கள். சந்தேகமாகத்தான் வருவார்கள், வருவது நியாயம்தான். அவர்கள் வயலுக்கு மேல் கேமரா பறக்கிறது. "குளத்த எடுக்கேன் அண்ணாச்சி, போன வருசம் எடுத்தது இது" என்று படத்தைக் கையில் கொடுத்தால் பேச்சே மாறிவிடும். "இந்தா தெரியுதுல்லா, இதான் நம்ம வயலு. இந்த மடை அடைச்சிக் கெடக்கு பாரும்" என்று விரல் வைத்துக் காட்டிய பெரியவர் ஒருவரால்தான், நான் அதுவரை கவனிக்காத ஒரு பழைய ஓடை எனக்குத் தெரியவந்தது. இப்போது அந்த ஓடையையும் சேர்த்து எடுக்கிறேன். நாலுக்கு ஆறு அளவில் போட்டால் சட்டைப் பைக்குள் நிற்கும். பளபளப்புத் தாளில் போடாதே. வெயிலில் கண்ணைக் கூசும், வியர்வைக் கை பட்டால் ரேகை விழும். மேட் தாளில் போட்டுக் கொண்டு போ, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வா.